காலிப்பரின் நடுவில் டிஸ்க் நிற்கவில்லை: ஸ்பேசர் வைக்கலாமா?

பிப்ரவரி 3, மாலை. பொள்ளாச்சி வாசகரின் கேள்வி

பழைய பிரீமியர் பத்மினி ஒன்றை வைத்திருக்கிறேன். முன்சக்கரங்களில் இருந்த டிரம்மைக் கழற்றிவிட்டு, தகட்டில் வெட்டிய பிராக்கெட், மாருதி வகைக் காலிப்பர் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடி), டிஸ்க் ஆகியவை அடங்கிய மாற்றுத் தொகுப்பு ஒன்றைப் பொருத்தினேன். வலப்பக்கத்தில் டிஸ்க் காலிப்பரின் நடுவில் நிற்கவில்லை. வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உள்பக்கம் தாராளமாகவும் இருக்கிறது. அந்தப் பக்கத்து உள் பேட் மட்டும் வேகமாகத் தேய்கிறது. பிராக்கெட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டிலும் ஸ்பேசராக, அதாவது இடையே தள்ளிவைக்கும் வளையமாக, 3 மி.மீ. வாஷர் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் மெக்கானிக் அண்ணன். வைக்கலாமா? வால்பாறைக்கு அடிக்கடி ஏறி இறங்குகிற வண்டி இது.

பிப்ரவரி 3, இரவு

இப்போது வைக்க வேண்டாம். நீங்கள் இரண்டு குறைகளை ஒன்றாகச் சொல்கிறீர்கள். டிஸ்க் நடுவில் இல்லாதது ஒன்று, உள் பேட் தேய்வது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 3 மி.மீ. என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். பட்டறையில் கைக்கு அகப்பட்ட வாஷரின் கனம் அது என்றால், அந்த வாஷரை அதே டப்பாவில் திரும்பப் போட்டுவிடலாம்.

பிப்ரவரி 4

பேட் தேய்மானத்தை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். உங்கள் காலிப்பர் மிதக்கும் வகை, அதாவது பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் பிஸ்டன் உள் பேட்டை டிஸ்க்கின் மேல் தள்ளுகிறது. அதன் எதிர்விசையால் காலிப்பர் உடல் முழுவதும் ஸ்லைடு பின்களின் மேல் உள்நோக்கி நகர்ந்து, வெளிப் பேட்டை இழுத்து அழுத்துகிறது. பின் துருப்பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ இறுகிப் போனால் காலிப்பர் நகராது. வேலை முழுவதையும் உள் பேட்டே செய்யும், ஆகவே அதுதான் சீக்கிரம் தேயும். டிஸ்க் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்பதால் மட்டும் ஒரு பேட் இப்படித் தேய்வதில்லை, ஏனென்றால் அந்தத் தள்ளலை ஈடுகட்டுவதற்காகத்தான் மிதக்கும் காலிப்பர் மிதக்கிறது.

பேட்டைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கனம் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் சந்தேகம் பின்னின் மேல். மேல்முனை தடித்தும் கீழ்முனை மெலிந்தும் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தால் பிராக்கெட் சாய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. பேட்டின் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று வரப்பாக நின்றிருந்தால், பேட் டிஸ்க்கின் வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பிராக்கெட்டின் உட்புறத்தில் பளபளவென்று வளைந்த கீறல் இருந்தால் டிஸ்க் அதில் உரசுகிறது. இவற்றில் கடைசி ஒன்றுக்குத்தான் நாம் பேசுகிற ஸ்பேசர் நேரடி மருந்து.

பிப்ரவரி 4, சற்றுப் பிறகு

சக்கரப் பேரிங்கின் ஆட்டத்தைப் பார்க்கச் சொல்ல விட்டுப் போயிற்று. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை எந்த அளவும் அளவே அல்ல.

பிப்ரவரி 6

அளக்கும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் நான் பார்த்த ஸ்பேசர் வேலைகளில் பெரும்பாலானவை லேத்தில் கெடவில்லை, அளவெடுக்கும் இடத்திலேயே கெட்டன.

ஹப்பின், அதாவது சக்கரமும் டிஸ்க்கும் பொருந்தும் நடுக்குடத்தின், முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, துருவும் பழைய பெயின்டும் இல்லாமல் வெறும் உலோகம் தெரியும்படி செய்யுங்கள். டிஸ்க்கின் தொப்பி உட்காரும் உட்பக்கத்தையும் அப்படியே சுத்தம் செய்யுங்கள். பிறகு டிஸ்க்கை வைத்து, சக்கர நட்டுகளையே கொண்டு, தேவையானால் தடித்த வாஷர்களை இடையே கொடுத்து, சீராக முறுக்குங்கள். சக்கரம் இல்லாதபோது டிஸ்க் ஹப்பின் மேல் தளர்வாகத்தான் தொங்கும், அந்த நிலையில் எடுத்த அளவை நம்பக் கூடாது. நக்கிளில் (ஹப்பைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்பும் பாகம்) டயல் கேஜைப் பொருத்தி, டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே முனையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் 0.05 மி.மீ. அளவுக்குள் ஆடினால் நன்று, 0.10 மி.மீ. தாண்டினால் ஸ்பேசரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஹப்பைப் பார்க்க வேண்டும். ஹப் முகத்தில் 70 மி.மீ. ஆரத்தில் இருக்கும் 0.03 மி.மீ. கோணல், டிஸ்க்கின் 120 மி.மீ. ஆரத்துக்குப் போகும்போது 0.05 மி.மீ. ஆகிவிடுகிறது; சிறிய துருப் பொட்டு ஒன்று பெரிய ஆட்டமாக வெளியே தெரிவது இதனால்தான்.

அடுத்ததாக, பேட்கள் இல்லாமல் பிராக்கெட்டை மட்டும் முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) பொருத்துங்கள். டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் பிராக்கெட்டின் இரு கால்களில், மேல் காலின் உள் இடைவெளி, வெளி இடைவெளி, கீழ்க் காலின் உள் இடைவெளி, வெளி இடைவெளி என்று நான்கு அளவுகளை ஃபீலர் கேஜாலோ வெர்னியரின் ஆழமானியாலோ எடுத்து, தாளில் எழுதுங்கள். மனத்தில் வைத்துக்கொண்டால், கடைக்குப் போய் டீ குடித்துத் திரும்புவதற்குள் உள்ளும் வெளியும் இடம் மாறிவிடும்.

பிப்ரவரி 6, இரவு

முக்கியமான ஒன்று: உள் இடைவெளிக்கும் வெளி இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் ஸ்பேசரின் கனம். முழு வித்தியாசத்தையும் வைத்தால், குறை பக்கம் மாறுமே தவிரத் தீராது.

பிப்ரவரி 9. பொள்ளாச்சி வாசகர் அனுப்பிய அளவு

மேல் கால்: உள்ளே 4.9, வெளியே 2.3. கீழ்க் கால்: உள்ளே 4.8, வெளியே 2.4. எல்லாம் மி.மீ. டயல் கேஜின் ஆட்டம் 0.04. வலப்பக்கத்து ஸ்லைடு பின்னில் ஒன்று கையால் தள்ளினால் நகரவே இல்லை.

பிப்ரவரி 9, இரவு

உள் பேட் தேய்ந்ததற்கான விடை உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. அந்தப் பின்னைக் கழற்றித் துரு நீக்கி, ரப்பர் உறையைப் புதிதாக மாற்றி, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். சாதாரணச் சேஸிஸ் கிரீஸைப் போட்டால் ரப்பர் உப்பிப்போய்ப் பின் மறுபடியும் இறுகும். வாஷர் வைத்திருந்தால் உள் பேட் முன்போலவே தேய்ந்துகொண்டிருக்கும், நாமும் ஸ்பேசரின் கனத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்திருப்போம்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். மேல் காலில் வித்தியாசம் 2.6, பாதி 1.3. கீழ்க் காலில் வித்தியாசம் 2.4, பாதி 1.2. டிஸ்க் வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்பதால் காலிப்பரும் வெளிப்பக்கம் வர வேண்டும். உங்கள் பிராக்கெட் நக்கிளின் வெளிமுகத்தில் உட்காருவதாகப் படத்தில் தெரிகிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் அதை வெளியே தள்ளும், திசை சரி. பிராக்கெட் உள்முகத்தில் உட்காரும் வண்டியாக இருந்தால் அதே ஸ்பேசர் நேர் எதிராக வேலை செய்திருக்கும். அதனால் ஒருவருக்குச் சரியாக வந்த அளவை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மேலே 1.3, கீழே 1.2 என்று இரண்டு தனித்தனி ஸ்பேசர்கள் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த 0.1 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று முதலில் தேடுங்கள். காதின், அதாவது நக்கிளில் போல்ட் துளை உள்ள நீட்சியின், முகத்தில் பெயின்ட், பிசிறு, வார்ப்பின் மேடு என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். மேட்டை மறைக்க ஆப்பு வைத்தால், மேடு தேய்ந்த அன்றைக்கு அந்த ஆப்பே கோணலாகிவிடும்.

பிப்ரவரி 10

திருப்பூரிலிருந்து ஓர் அன்பர், நான்கு பிஸ்டன் கொண்ட நிலைக் காலிப்பர் வைத்திருப்பவர், "மிதக்கும் வகைக்கு ஒரு மில்லிமீட்டர் பொருட்டில்லை என்றால் இத்தனை அளவு எதற்கு?" என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது, பிப்ரவரி 4 குறிப்பைக் கொஞ்சம் திருத்திப் படிக்க வேண்டும். காலிப்பர் உடல் ஈடுகட்டும் என்பது உண்மை, ஆனால் பிராக்கெட் ஈடுகட்டாது. அது நக்கிளோடு இறுகி நிற்கிறது. மேலும், பேட் தேயத் தேயக் காலிப்பர் உடல் உள்நோக்கி நகர்ந்துகொண்டே போகும். புதிய பேட்டில் 10 மி.மீ. உராய்வுப் பொருள் இருந்து, அது 2 மி.மீ. ஆகும் வரை ஓட்டினால், உடல் 8 மி.மீ. உள்ளே வந்திருக்கும். பின்களுக்கு அந்த ஓட்டம் முழுவதும் இருக்க வேண்டும். பிராக்கெட் ஏற்கெனவே ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால், பேட் பாதி தேயும்போதே பின் முட்டிக்கொள்ளும். ஆகவே, புதிய பேட்டோடு ஒருமுறை, தேய்ந்த பழைய பேட்டோடு ஒருமுறை, இரண்டு நிலையிலும் காலிப்பரைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் ரிம்முக்கும் காலிப்பருக்கும் உள்ள இடைவெளி புதிய பேட்டின்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். அதை அப்போது பாருங்கள். 3 மி.மீ. இருந்தால் எனக்கு நிம்மதி.

திருப்பூர் அன்பரின் நிலைக் காலிப்பருக்குச் சட்டமே வேறு. அதில் எதுவும் நகராது. இருபுறமும் பிஸ்டன்கள் மட்டுமே நீளும். அங்கே டிஸ்க் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்பது என் கணக்கு. விலகினால் பிரேக் உடனே செயலற்றுப் போய்விடாது, ஆனால் ஒரு பக்கப் பிஸ்டன்கள் மிக நீண்டும் மறுபக்கம் மிகக் குறுகியும் நிற்கும். பேட் தேய்ந்த கடைசிக் காலத்தில் நீண்ட பக்கம் தொல்லை தரும். பொள்ளாச்சிக்காரர் அரை மில்லிமீட்டர் பிழையோடு வண்டி ஓட்டலாம், திருப்பூர்க்காரர் ஓட்டக் கூடாது.

பிப்ரவரி 13

கணபதியில் நான் வழக்கமாகப் போகும் லேத் பட்டறையில் இந்தக் கதையைச் சொன்னேன். கோவையில் மோட்டாருக்கும் பம்புக்கும் உதிரி செய்து பழகிய கைகளுக்கு இரண்டு வளையம் கடைந்து கொடுப்பது ஒரு வேலையே இல்லை. ஆனால் பட்டறைக்காரர் கனத்தைக் கேட்டவுடன் லேத்தை விட்டுவிட்டுக் கிரைண்டிங் மெஷினைத்தான் காட்டினார். "ஏனுங்க, ரெண்டும் ஒரே கனமா இருக்கோணும்னா ரெண்டையும் ஒண்ணா வெச்சுக் கிரைண்டிங் ஓட்டோணும். தனித்தனியா ஓட்டிப்போட்டு அப்பறம் அளந்து பார்த்து என்னத்துக்குங்க?"

என் வண்டிக்கு முன்பு அவர் செய்து கொடுத்த விதத்தையே இங்கே எழுதுகிறேன். இ.என். 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) உருளைக் கம்பியில் காதின் வட்டத்துக்குச் சமமாக வெளிவிட்டத்தைக் கடைந்து, எம்10 போல்ட்டுக்காக 10.5 மி.மீ. துளை போட்டு, தேவையைவிட 0.3 மி.மீ. கூடுதல் கனத்தில் இரண்டு வளையங்களை வெட்டி எடுத்தார். காந்த மேசையின் மேல் இரண்டையும் அருகருகே வைத்து, ஒரு முகத்தைச் சற்றே ஓட்டி, திருப்பி மறுமுகத்தைச் சற்றே ஓட்டி, மறுபடியும் திருப்பி, இப்படியே மாற்றி மாற்றி இறக்கினார். ஒரே முகத்தில் ஆழமாக ஓட்டினால், மெல்லிய வளையம் காந்தம் பிடித்திருக்கும் வரை தட்டையாக இருக்கும், விட்டவுடன் வளைந்துகொள்ளும். முடித்த பிறகு மைக்ரோமீட்டரில் வட்டத்தின் நான்கு இடங்களிலும் அளந்தோம், கனம் 0.01 மி.மீ. அளவுக்குள் நின்றது. துளையின் இரு ஓரத்திலும் சிறிய சரிவு கொடுத்தார், ஏனெனில் அங்கே பிசிறு நின்றால் முகம் சரியாக உட்காராது.

காதின் முகத்தில் மார்க்கிங் புளூ தடவி, ஸ்பேசரை ஒற்றி எடுத்தபோது, நீலம் முழு வட்டமாகப் படியாமல் பிறை வடிவில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத பெயின்ட் மேடு அது. தட்டை அரத்தால் நான்கைந்து இழுப்பு இழுத்த பிறகு முழு வட்டமும் நீலமாயிற்று. பொள்ளாச்சி நண்பரின் 0.1 மி.மீ. இந்தப் பிறைக்குள்தான் ஒளிந்திருக்கும் என்று எனக்கு வலுவான ஐயம்.

பிப்ரவரி 14

"ஒரே கனமான ஸ்பேசர் எதற்கு, சிம் எனும் மெல்லிய தகட்டு வளையங்களை நாலைந்து அடுக்கினால் ஆகாதா? கூட்டிக் குறைக்க வசதியாக இருக்குமே" என்று ஒருவர். அளவு கண்டுபிடிக்கும் கட்டத்தில் சிம்களை அடுக்கிப் பார்க்கலாம், அது நல்ல வழியும்கூட. ஓட்டும்போது அவை அங்கே இருக்கக் கூடாது. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

8.8 தர எம்10 போல்ட் ஒன்றைச் சரியாக முறுக்கினால் சுமார் 26 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 2.6 டன் இறுக்கம் கிடைக்கும். அந்த இறுக்கத்தில், 25 மி.மீ. பிடிநீளம் உள்ள போல்ட் நீள்வது எவ்வளவு தெரியுமா? சுமார் 0.05 மி.மீ. அவ்வளவுதான். இரண்டரை டன் இறுக்கமும் அந்த நீட்சியில்தான் தங்கியிருக்கிறது. இடையில் இருக்கும் பெயின்ட் படலத்தின் கனமே 0.05 மி.மீ. வரும். சூட்டிலும் அதிர்விலும் அந்தப் பெயின்ட் நசுங்கி வெளியேறினால் போல்ட் தளர்ந்ததற்குச் சமம், நட்டு ஒரு நூல்கூடத் திரும்பாமலேயே. நான்கு சிம்களை அடுக்கினால் ஐந்து இடைமுகங்கள் உண்டாகின்றன; ஒவ்வொன்றிலும் மேற்பரப்பின் நுண்மேடுகள் அமுங்கிச் சில மைக்ரான் இழந்தாலே, எல்லாம் சேர்ந்து 0.02 மி.மீ. ஆகி, இறுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

அந்த இறுக்கம் எதற்குத் தேவை என்பதையும் பார்ப்போம். ஆட்களோடு ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டியை 0.8 ஜி வேகக்குறைப்பில் அடித்து நிறுத்தும்போது, அந்த உழைப்பில் சுமார் 70 விழுக்காடு முன்சக்கரங்களுக்குப் போனால், ஒரு முன் டயரில் 2,700 நியூட்டன் அளவு விசை வரும். டயரின் ஆரம் 28 செ.மீ., பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் ஆரம் 10 செ.மீ. என்று வைத்தால், காலிப்பரைச் சுழற்றி எறியப் பார்க்கும் விசை ஏறக்குறைய 780 கிலோ. இரண்டு போல்ட்டுகளின் 5.2 டன் இறுக்கத்தை 0.15 என்ற உராய்வெண்ணால் பெருக்கினாலும் அதே 780 கிலோதான் வருகிறது! அதாவது, எண்ணெய் படிந்த முகங்களோடு இந்தப் பிணைப்பு நூலிழையில் நிற்கிறது. சுத்தமான, உலர்ந்த உலோக முகங்களில் உராய்வெண் இதைவிடக் கூடும் என்பதால்தான் தினசரி வண்டிகள் தப்பிக்கின்றன. முகங்கள் வழுக்கினால் போல்ட்டின் தண்டு சுமையை வாங்கும், அதுவும் ஸ்பேசரின் கனத்துக்கு ஏற்ப வளையும் சுமையாக வாங்கும். ஆகவே முகம் முழுவதையும் தாங்கும் ஸ்பேசர் வேண்டும்; போல்ட்டைச் சுற்றி மட்டும் உட்காரும் கடை வாஷர் போதாது.

பிப்ரவரி 14, பின்குறிப்பு

ஸ்பிரிங் வாஷரை ஸ்பேசராகக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. அதை அந்த இடத்தில் வைக்கவே கூடாது.

பிப்ரவரி 16

போல்ட்டின் நீளம். எம்10-இன் நுண்மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும். உங்கள் ஸ்பேசரும் 1.25 என்றால், பழைய போல்ட்டையே போட்டால் ஒரு மரை குறையும், 5 மி.மீ. ஸ்பேசரில் நான்கு மரைகள் குறையும். எஃகில் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்கு, அதாவது 10 மி.மீ. நீளத்துக்கு மரை பிடித்திருக்க வேண்டும். அலுமினிய நக்கிள் என்றால் 15 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை. நீண்ட போல்ட் வாங்கினால் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், முனை மறுபக்கம் நீண்டு டிஸ்க்கைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டாவதைப் பலர் மறப்பார்கள்; முதல் கிலோமீட்டரில் கர்ரென்று ஒரு சத்தம் ஞாபகப்படுத்தும்.

பிப்ரவரி 17

ஈரோட்டு அன்பர் ஒருவர், காலிப்பரைத் தொடாமல் டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் வைத்து டிஸ்க்கையே நகர்த்தினால் என்ன என்று கேட்டு, சந்தையில் விற்கும் சக்கர ஸ்பேசர் படம் ஒன்றையும் ஒட்டியிருக்கிறார். படத்தில் இருப்பது சக்கரத்தை வெளியே தள்ளும் அலங்காரப் பொருள், இந்த வேலைக்கானது அல்ல.

டிஸ்க்கை நகர்த்துவது சில வண்டிகளில் தவிர்க்க முடியாதது. குறிப்பாக டிஸ்க் உள்ளே தள்ளி நின்று, பிராக்கெட்டைக் கடைந்து குறைக்க உலோகம் இல்லாதபோது. ஆனால் எனக்கு அது இரண்டாவது வழி. முதலாவதாக, டிஸ்க்கும் சக்கரமும் ஹப்பின் நடு உதட்டில் உட்கார்ந்து மையம் பெறுகின்றன, 3 மி.மீ. ஸ்பேசர் அந்த உதட்டை விழுங்கிவிட்டால் மையத்துக்கு ஸ்டட்டுகளை நம்ப வேண்டிவரும். இரண்டாவதாக, அதே 3 மி.மீ. சக்கரத்தையும் வெளியே தள்ளும், ஸ்டட்டின் மரையையும் தின்னும். மூன்றாவதாக, அந்த ஸ்பேசரின் முகங்கள் இணையாக இல்லாவிட்டால் அந்தப் பிழை ஹப்போடு சேர்ந்து சுழன்று டிஸ்க்கின் ஆட்டமாகிவிடும். பிராக்கெட்டின் கீழே அதே பிழை வெறும் சாய்வாக நின்றுவிடும். டிஸ்க்கின் ஆட்டம் நாளடைவில் கனவேறுபாட்டை உண்டாக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்ற அளவு கனவேறுபாட்டுக்கே பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் உதறல் தெரியத் தொடங்கும்.

பிப்ரவரி 17, திருத்தம்

மேலே "நூறில் இரண்டு மில்லிமீட்டர்" என்பதை 0.02 மி.மீ. என்று படிக்கவும். 2 மி.மீ. கனவேறுபாடு உள்ள டிஸ்க்கை யாரும் ஓட்ட முடியாது, உழவுதான் ஓட்டலாம்.

பிப்ரவரி 20

இதுவரை உள்ளே, வெளியே என்ற திசையை மட்டும் பேசினோம். ஆரத் திசையும் உண்டு. பெரிய டிஸ்க் மாற்றுகிறவர்கள் காலிப்பரை அச்சிலிருந்து அப்பால் தள்ள வேண்டும். தள்ளும் தூரம் விட்ட வித்தியாசத்தில் பாதி. 236 மி.மீ. டிஸ்க்கை 256 மி.மீ. ஆக்கினால் 10 மி.மீ. தள்ள வேண்டும். காலிப்பரின் போல்ட்டுகள் ஆரத் திசையிலேயே நிற்கும் வகையானால், உருளை ஸ்பேசரும் நீண்ட போல்ட்டும் போதும். பத்மினிக்கு வரும் தொகுப்புகளில் போல்ட்டுகள் அச்சுக்கு இணையாக இருப்பதால் ஸ்பேசரால் அந்தத் திசையில் ஒன்றும் செய்ய முடியாது. பிராக்கெட்டையே புதிதாக வெட்ட வேண்டும். துளையை அரத்தால் நீட்டிச் சரிக்கட்டுவதை ஓரிடத்தில் பார்த்தேன். மேலே போட்ட 780 கிலோ கணக்கை அந்த நீட்டிய துளையோடு சேர்த்து ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 22

அலுமினியத்தைப் பற்றிப் பலர் கேட்டாயிற்று. சூட்டில் விரிந்து அளவு மாறிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். கணக்குப் போட்டால், 1.25 மி.மீ. அலுமினிய ஸ்பேசர் 200 டிகிரி சூடேறினாலும் 0.006 மி.மீ. கூட விரியாது, எனவே அந்தக் காரணம் நிற்காது. நல்ல தரக் கலவையில் செய்த தடித்த அலுமினிய ஸ்பேசர்கள் நன்றாகவே உழைக்கின்றன. என் தயக்கம் வேறு: மெல்லிய வளையத்துக்கு நம் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெயர் தெரியாத மென்தகடு, போல்ட்டின் இறுக்கத்தில் அது அமுங்கும், இரும்போடு சேர்ந்து மழைநீரில் நனைந்தால் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இ.என். 8 துண்டு பட்டறையின் மூலையிலேயே கிடக்கும்போது நமக்கு எதற்கு அந்த வம்பு?

பிப்ரவரி 23

நாமக்கல் அன்பர் ஒருவர், லாரிகளுக்கெல்லாம் இப்படி யாரும் சிம் வைத்து அளப்பதில்லையே என்று சற்றுக் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். நம் பகுதி லாரிகளில் பெரும்பாலானவை காற்றழுத்த டிரம் பிரேக்கில் ஓடுகின்றன. டிரம்முக்குள் ஷூ விரிந்து பிடிப்பதால் பக்கவாட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்பது பெரிய குற்றமாவதில்லை. டிரம்மில் கை தேர்ந்த மெக்கானிக் டிஸ்க்கைப் பார்த்து "இது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்வதன் வேரும் இதுதான் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் பழகிய பொருளில் அது உண்மை.

கரிவரதன் இதே கோவையில் மாருதி இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா கார் கட்டினார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே வண்டி இறக்குகிற பையன்களின் கருவிப்பெட்டியில் அளவு எழுதிய சிம் உறைகளைப் பார்க்கலாம். அளந்து வேலை செய்யும் பழக்கம் நம் ஊருக்குப் புதிதில்லை.

பிப்ரவரி 23, சிறு குறிப்பு

பதிவுச் சான்றின் விவரங்களோடு முரண்படும் மாற்றங்களைப் பற்றி 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பேசுகிறது. டிரம்மை டிஸ்க்காக மாற்றுகிறவர்கள் வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பிப்ரவரி 27. பொள்ளாச்சி வாசகர்

காதுகளை அரத்தால் சுத்தம் செய்த பிறகு மேலும் கீழும் ஒரே அளவு வந்துவிட்டது: உள்ளே 4.8, வெளியே 2.3. ஸ்பேசர் 1.25 மி.மீ. செய்து பொருத்தினேன். இப்போது இருபுறமும் 3.55, அதாவது ஃபீலர் கேஜ் சொல்லும் வரையில். பின்னைப் புதுப்பித்தாயிற்று. ஆனால் வண்டியைத் தள்ளினால் டிஸ்க் இன்னும் லேசாக இழுக்கிறது. இடப்பக்கமும் அப்படித்தான். ஸ்பேசரை இன்னும் கொஞ்சம் மாற்றவா அண்ணா?

பிப்ரவரி 27, இரவு

ஸ்பேசரைத் தொடாதீர்கள் தம்பி, அது தன் வேலையை முடித்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கிறது என்றால் காரணம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். பழைய டிரம் காலத்து மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் குழாயில் திரவத்தைத் தள்ளும் உருளை) அப்படியே விட்டிருக்கிறீர்களா? டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், பெடலை விட்ட பிறகும் குழாயில் ஏறக்குறைய 0.7 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் எச்ச அழுத்த வால்வு ஒன்று இருப்பதுண்டு. டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க வலுவான ஸ்பிரிங் இருக்கிறது, அதனால் அந்த அழுத்தம் தெரியாது. டிஸ்க்கில் பிஸ்டனைப் பின்வாங்கச் செய்வது ரப்பர் சீலின் சிறிய மீட்சி மட்டுமே. அந்த மீட்சியால் இந்த அழுத்தத்தை வெல்ல முடியாது. இழுக்கும்போது காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) கால் சுற்றுத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டுத் திரவம் சீறிவிட்டு உடனே டிஸ்க் விடுபட்டால் அதுதான் காரணம். அப்படி வந்தால், சிலிண்டரைப் பிரிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அந்த வால்வை எடுக்கச் சொல்லுங்கள், முன்சக்கரக் குழாய்க்கு மட்டும். பின்னால் டிரம் இருக்கும் வரை அந்தப் பக்கத்துக்கு அது வேண்டும்.

மார்ச் 3

சீறியது, விடுபட்டது என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி.

மார்ச் 4

வால்பாறைக்கு எப்போது எடுத்துப் போகலாம் என்ற கேள்விக்கு. முதலில் சமவெளியில், உடுமலைச் சாலை போன்ற நேரான இடத்தில், மிதமான வேகத்திலிருந்து பலமுறை இறக்கிப் பேட்களைப் பதம் பண்ணுங்கள். வீட்டுக்கு வந்து வண்டி முழுவதும் ஆறிய பிறகு, பிராக்கெட் போல்ட்டுகளில் பெயின்ட் பேனாவால் போட்ட கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு டார்க் ரெஞ்சால் ஒருமுறை சோதியுங்கள். நீல நிறத் திரெட் லாக்கர் போட்டிருந்தால் முறுக்கிச் சோதிப்பது அதன் பிடியை உடைக்கும். அப்போது கோடு மட்டும் போதும். அந்தப் பசை ஏறக்குறைய 150 டிகிரி வரைதான் தாங்கும் என்பதால் மலைப்பாதை வண்டியில் நான் அதை மட்டும் நம்புவதில்லை.

ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது பிரேக்குக்கு ஓய்வு, இறங்கும்போதுதான் சோதனை. இரண்டாம் கியரில் இறங்குங்கள். அடிவாரத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். வலமும் இடமும் ஒரே அளவு அனல் வீசினால் சரி. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வீசினால் அந்தப் பக்கத்துப் பின்களை மறுபடியும் திறந்து பாருங்கள். பேட்களை அடுத்த முறை கழற்றும்போது நான்கின் கனத்தையும் மேல்முனை, கீழ்முனை என்று வெர்னியரில் அளந்து இங்கே போடுங்கள். ஆப்புத் தேய்மானம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் அந்த 1.25 அப்படியே இருக்கட்டும்.